அத்தான் சொன்ன முடிவு

அந்த டிவிடியின் அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. வட்டின் மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் ‘பைத்தியக்காரப் படம்’ என்று அத்தான் எழுதி வைத்திருந்தார். அதன் உண்மையான பெயர் எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை. ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழில் டப் செய்தது. மலைமேல் ஒரு பெரிய வீடு, அதில் ஒரு குரு, அவரைச் சுற்றி ஒரே நிறத்தில் உடுத்திய ஒரு கூட்டம். குரு மணி அடித்தால் சாப்பிடுவார்கள், மணி அடித்தால் சிரிப்பார்கள், மணி அடித்தால் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு பெண்ணை மீட்டுக்கொண்டு வர அவளுடைய அண்ணன் அலைகிறான். இதுதான் கதை.

என் அக்காவைத் தடுத்து நிறுத்த எனக்குக் கடைசியாக மிச்சமிருந்தது அந்தப் படம் மட்டும்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அக்கா சேர்ந்திருந்த சபையிலிருந்து வேன் வரும், அக்கா அதில் ஏறி ஒரேயடியாகப் போய்விடுவாள் என்பது முடிவாகிவிட்டிருந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கேயோ ஒரு தென்னந்தோப்புக்குள் அவர்களுடைய இடம். உள்ளே போகிறவர்கள் கேட்டிலேயே செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. குத்தாலத்தில் என் ஜெராக்ஸ் கடையை மதியமே பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, குடவாசலில் இறங்கி ஆட்டோ பிடித்து அக்கா ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கேயே, அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காகிதங்களெல்லாம் சரியாகி உடம்பு வந்து சேர வாரக்கணக்கில் ஆனது. பெட்டியைத் திறக்க வேண்டாம், முகம் பார்க்கிற நிலையில் இல்லை என்று கூட வந்தவர் சொல்லிவிட்டார். ஊரே கூடி அழுதது. அக்கா மட்டும் அழவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “உள்ள இருக்கறது அவருதான்னு யாருடி பாத்தா?” என்று என் காதுக்குள் கேட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? பெட்டியோடு வைத்தே எரித்துவிட்டு வந்தார்கள்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் சபைக்காரர்கள் வீட்டுக்குள் வந்தார்கள். யார் மூலமாக வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளிர்நீலச் சேலையில் ஒரு பெண்மணி வருவார், வாயைக் கையால் லேசாகப் பொத்திக்கொண்டு மெல்லப் பேசுவார். அத்தான் போகவில்லை, ஒளியில் இருக்கிறார் என்றார். அழுதால் அந்தக் கண்ணீர் அவரைச் சேற்றில் இழுக்கும் என்றார். சுவரில் இருந்த அத்தானின் போட்டோவுக்கு நாங்கள் போட்ட மாலையைக் கழற்றினார்கள், அதன் நெற்றியில் வைத்த பொட்டைத் துடைத்தார்கள். உயிரோடு இருக்கிறவருக்குத் திதி எதற்கு என்று வருஷத் திதியும் கொடுக்கவில்லை. அக்கா தாலியையும் குங்குமத்தையும் விடவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். புருஷன் போனால் பொட்டும் போக வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? ஆனால் அவள் வைத்துக்கொண்டது தனக்குப் பிடித்து அல்ல, அய்யா சொன்னதற்காக. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அய்யா என்பவர்தான் சபையின் தலைவர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் போனில் வருவார். அத்தான் தன்னிடம் பேசியதாகச் சொல்லி, அவர் சொன்னதை அக்காவுக்குச் சொல்வார். உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாராம். சரியாகச் சாப்பிடச் சொன்னாராம். உன் கை ரசத்தின் வாசனை அங்கே வரைக்கும் வருகிறதாம். அக்கா அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பாள்.

“செத்துப்போன எந்தப் புருஷனுக்குக்கா பொண்டாட்டி ரசம் புடிக்காம இருக்கும்? இது தெரியறதுக்கு ஒளி வேணுமா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். என் வாய்க்கு வேலி கிடையாது என்று அம்மா திட்டுவது சும்மா இல்லை. அக்கா அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. சித்தப்பாவை அழைத்துப்போய்ப் பேசச் சொன்னேன், அதுவும் பலிக்கவில்லை. நாற்பது வயது தாண்டிய பொம்பளை, சுயபுத்தியோடு போகிறேன் என்கிறாள், யார் போய் என்ன செய்ய முடியும்?

அப்போதுதான் படம் ஞாபகத்துக்கு வந்தது. அத்தான் லீவில் வரும்போதெல்லாம் அதைப் போடுவார். டிவிடி பிளேயரும் அவர் கொண்டுவந்ததுதான். நாங்கள் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தக் குரு செந்தமிழில், “வா மகளே, உன் பாரத்தை என் காலடியில் இறக்கி வை” என்பான். நான் அதைப் போலவே பேசிக் காட்டுவேன். எல்லாரையும்விட அதிகம் சிரித்தது அக்காதான். தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பாள். “இப்புடியும் இருப்பாங்களாடி மனுசங்க?” என்பாள். அந்த அக்காவை அவளுக்கே ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதோடு அந்தப் படத்தின் முடிவும் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. அண்ணன் வந்து கூப்பிடுகிறான், அந்தப் பெண் கேட்டைத் தாண்டி ஓடிவருகிறாள், இருவரும் பஸ் ஏறி ஊருக்குப் போகிறார்கள். ஜன்னலோரம் அவள் தலைமுடி பறப்பதுகூட என் கண்ணில் நின்றது. அந்தக் காட்சியை அக்கா பார்த்துவிட்டால் போதும் என்று நம்பினேன்.

அக்கா வெளிர்நீலச் சேலை கட்டித் தயாராக இருந்தாள். வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பை. எனக்குச் சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது, “சண்டை போட வந்திருந்தீன்னா சாப்ட்டுட்டுக் கெளம்பு” என்றாள்.

“சண்டைக்கு வரலக்கா. நீ போறதுக்கு முன்னாடி அத்தான் படத்த ஒரு வாட்டி பாக்கலாம்னு வந்தேன்.”

கரண்டி கையில் இருக்க அப்படியே நின்றாள். பிறகு போய்ச் சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றினாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டு, அதில் அத்தானைச் சாய்த்து உட்கார வைத்தாள். “அவரும் பாக்கட்டும்” என்றாள். நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

பிளேயர் மேல் விரல் கனத்துக்குத் தூசி. சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக இருந்த ஒயர்களை டிவிக்குப் பின்னால் தடவித் தடவிச் செருகினேன். ரிமோட்டில் இரண்டு பேட்டரியில் ஒன்று இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இருந்ததை எடுத்துப் போட்டேன். அதனால் கடிகாரத்தில் மணி பார்க்கவும் வழியில்லாமல் போனது. வட்டில் கீறல்கள். அத்தான் சொல்லிக்கொடுத்தபடி முந்தானையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துப் போட்டேன். சுற்றுகிற சத்தம் கேட்டது, விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு படம் வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குரு வந்தான். “வா மகளே” என்றான். நான் பழக்கதோஷத்தில் அவனைப் போலச் சொல்ல வாயெடுத்தேன், அக்கா முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. படத்தில் கூட்டமெல்லாம் வரிசையாக உட்கார்ந்து மணிக்காகக் காத்திருக்கும் இடம் வந்தது. முன்பெல்லாம் அங்கேதான் அதிகம் சிரிப்போம். அக்காவின் வலது கை தானாக மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது, சபையில் பொத்துகிற மாதிரியே.

“பாவம்டி, நல்லவங்களாத்தான் இருக்காங்க” என்றாள்.

“யாருக்கா?”

“இவங்கதான். நம்ப என்னமோ அப்பல்லாம் சிரிச்சோம். யாரும் இல்லாதவங்கடி. ஒண்ணா ஒக்காந்து சாப்புடறாங்க, என்ன தப்பு?”

எனக்குப் பகீரென்றது. தெருவில் டிராக்டர் ஹாரன் அடித்தது, வேன் என்று நினைத்து எழுந்தே விட்டேன். அக்கா அசையவில்லை. அவள் கண் டிவியில் இருந்தது. நான் டிவியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அத்தான் சட்டைக் காலரை விரித்துவிட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் எப்போது ஓடிவருவாள், எப்போது பஸ் வரும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அண்ணன் மலையேறிக் கேட்டுக்கு வந்தான். அந்தப் பெண் உள்ளேயிருந்து நடந்து வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். அங்கே படம் நின்றுவிட்டது. முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தன. நான் ரிமோட்டை அழுத்தினேன், பிளேயரைத் தட்டினேன், வட்டை வெளியே எடுத்து ஊதித் துடைத்தேன். “விடுடி, போதும். அவங்க வர நேரமாச்சு” என்றாள் அக்கா. “இல்லக்கா, முடிவு இருக்கு, முடிவப் பாத்துடு” என்று கிட்டத்தட்டக் கத்தினேன். மறுபடி போட்டு ஓட்டிவிட்டேன். இந்த முறை அந்த இடத்தைத் தாண்டிவிட்டது.

அண்ணன் அழுதான். அம்மா சாகக் கிடக்கிறாள் என்றான். அந்தப் பெண் கேட்டைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். உள்ளே மணி அடித்தது. அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டு, கேட்டைத் தன் கையாலேயே சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி நடந்தாள். அவ்வளவுதான். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

பஸ் வரும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். எழுத்தெல்லாம் முடிந்து திரை கறுப்பானது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது எனக்கே நடந்துவிட்டது. வீட்டை விட்டுப் போகிறவளுக்கு, எப்படிப் போக வேண்டும் என்று நானே பாடம் நடத்திவிட்டேன். என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“பஸ்ஸு எங்கடி?” என்றாள் அக்கா.

“தெரியலக்கா. வரும். நான் பாத்திருக்கேனே.”

“எப்ப பாத்த?”

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததே இல்லை. அந்த வருஷங்களில் கரண்ட் எந்நேரமும் போகும். நாங்கள் எப்போது உட்கார்ந்தாலும் கடைசிப் பகுதி வருவதற்குள் படம் நின்றுவிடும். மீதியை அத்தான் இருட்டில் விசிறிக்கொண்டே சொல்வார். அவர் மஸ்கட்டிலேயே முழுசாகப் பார்த்தவர். அண்ணன்காரன் கூப்பிடுவான், அவள் ஓடிவருவாள், பஸ் ஏறுவார்கள், வீட்டில் அம்மா சோறு போடும். நான் பார்த்த ஜன்னலும் பறந்த முடியும் அவர் வாயிலிருந்து வந்தவை. ஒருநாள் கரண்ட் போகவில்லை. அன்று கேட் காட்சியிலேயே அவர் எழுந்து படத்தை நிறுத்தினார். “அவ்ளோதான், முடிஞ்சிபோச்சு. சோத்தப் போடு” என்றார். நாங்களும் எழுந்துவிட்டோம்.

“எனக்கு அழுவாச்சிப் படம் ஆவாதுன்னு அவருக்குத் தெரியும்” என்றாள் அக்கா. போட்டோவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பொய்யி. அத்தனையும் பொய்யி. எத்தன வாட்டி கேட்டேன், எத்தன வாட்டி சொன்னாரு. உன்கிட்ட சொன்னது ஒண்ணு. நீ ஊருக்குப் போனதுக்கு அப்பறம் எனக்கு மட்டும் வேற ஒண்ணு சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“அது எனக்குச் சொன்னது.”

வாசலில் வேன் வந்து நின்றது. இந்த முறை நிஜமாகவே வேன்தான். வெளிர்நீலச் சேலைக்காரப் பெண்மணி செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார், என்னைப் பார்த்து இதமாகச் சிரித்தார். கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அக்காவின் பையைத் தானே எடுத்துக்கொண்டுபோய் வேனில் வைத்துவிட்டு வந்தார். “கெளம்பலாங்களாம்மா? பொழுது சாயறதுக்குள்ள போயிடணும்.”

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கினாள். முடிந்தது என்று நினைத்தேன்.

“அய்யாவுக்குப் போன் போடுங்க” என்றாள் அவரிடம். “ஒண்ணு கேக்கணும்.”

“அங்க போயிக் கேட்டுக்கலாமேம்மா.”

“கேட்டுட்டுத்தான் ஏறுவேன்.”

அந்த அம்மாள் தயங்கினார். இன்றும் வெள்ளிக்கிழமைதானே, எப்படியும் போன் வருகிற நாள்தானே என்று நினைத்தாரோ என்னவோ, போட்டுக் கொடுத்தார். சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். அய்யாவின் குரல் வந்தது. நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. தூக்கம் வராத பிள்ளைக்குக் கதை சொல்கிற மாதிரி இருக்கும்.

“சொல்லும்மா. அவரு காலையிலேருந்து ஒன்னத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காரு.”

அக்கா வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. “அய்யா, நாங்க ஒரு படம் பாப்போம். அதோட முடிவ அவரு எனக்கு மட்டும் ஒண்ணு சொல்லியிருக்காரு. அது என்னன்னு அவரக் கேட்டுச் சொல்லுங்க.”

நான் ஆயிரம் சண்டை போட்டும் எனக்குத் தோன்றாத கேள்வி. ஏதாவது ஒரு முடிவை அவர் குத்துமதிப்பாகச் சொல்லி, அது பலித்துவிட்டால்? கடைசியில் எல்லாரும் சந்தோஷமாகப் போனார்கள் என்று சொன்னால்கூடப் போதுமே, அக்கா அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவாளே. அந்த அம்மாளும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பதில் வேண்டியிருந்தது போலிருந்தது.

அய்யா பேசினார். “படம், பாட்டு, வெளையாட்டு, இதெல்லாம் ஒடம்போட உதுந்துடும்மா. அவரு இருக்கற எடத்துக்கு அதெல்லாம் கூட வராது. அவரு மறந்துட்டாரு.”

“ரசம் ஞாபகம் இருக்குன்னீங்களே?”

அந்த அம்மாள் போனை வாங்கக் கை நீட்டினார், அக்கா கொடுக்கவில்லை.

“ரசத்தோட வாசன வருதுன்னு சொன்னாருன்னீங்க. ரசம் ஞாபகம் இருக்கறவருக்கு, இத எப்புடி மறக்கும்? இத மறக்கமாட்டாருங்க அவரு. மறக்கவே மாட்டாரு.”

“சந்தேகம் வந்தா வாசல் சாத்திக்கும்மா” என்றது குரல். இதமாகத்தான் சொன்னது.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். “என் பைய எடுத்துக் குடுத்துட்டுப் போங்கம்மா” என்றாள். அந்த அம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேனுக்குப் போனார். பையைக் கொண்டுவந்து நிலைக்குப் பக்கத்தில் வைத்தார். வேன் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் போட்டோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப அவரு செத்துதான்டி போயிட்டாரு” என்றாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வெள்ளிக்கிழமை தோறும் அவளோடு பேசிக்கொண்டிருந்த மனுஷனை நானும் சேர்ந்து இப்போதுதான் கொன்றோம் என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. அக்கா நெஞ்சில் ஓங்கி அறைந்துகொண்டாள். பெட்டி வந்த அன்று வராத குரல் அப்போது வந்தது. அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

“பஸ்ஸுல ஜன்னலோரம் ஒருத்தன் துண்டு போட்டு எடம் புடிச்சி வெச்சிருக்கான், அது யாரு தெரியுமா, நாந்தான்னு சொன்னீங்களே! நீ ஓடியா, எடத்த எவனுக்கும் குடுக்கமாட்டேன்னு சொன்னீங்களே! என் சாமி, என்ன ஏத்தாம போயிட்டீங்களே!”

வாய்க்கால் கரையில் நடவு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் அந்தக் குரலைக் கேட்டு ஓடிவந்தார்கள். முழங்கால் வரை சேறு, தலையில் முண்டாசு. அழுகைச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் வேலையைப் பார்த்துக்கொண்டு போகமாட்டார்கள். “யாரு? யாருக்கு என்னம்மா ஆச்சு?” என்று முன்னால் வந்தவர் வாசலிலிருந்தே கேட்டார்.

“எங்க அத்தான் செத்துட்டாரு” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் எல்லாரும் அந்தச் சாவுக்கு வந்தவர்கள். அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறதே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. முன்னால் நின்றவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார், சேற்றுக் காலோடு உள்ளே வந்து, அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். எனக்கும் அவர்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் விட்டார்கள்.